ஸ்பானிஷுக்கு இரண்டை அமுக்கவும்

எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? இந்தக் குளிரில் இருமல், சளி ஒன்றும் இல்லையே? பி.பி. மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் ஹம்சாவின் கதையைச் சொல்கிறேன்.

ஹம்சாவின் கணவர் சாய்ராம் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆபீஸ் பார்க்கிங்கில் கார் கதவைத் திறந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று கராஜ் அலமாரியில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் போக வேண்டும். கோயில் சிநேகிதர்கள் ஒரே மணி நேரத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வர முடியுமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஹம்சா இந்த நாட்டில் இருந்ததே சாய்ராமின் விசாவைப் பிடித்துக்கொண்டுதான். கிரீன் கார்டு விண்ணப்பம் இன்னும் பாதியில் நின்றது. மகள் ஸ்ம்ருதி இங்கே பிறந்தவள், பத்தாவது படிக்கிறாள்.

கடைசியில் கேட்டது பக்கத்து வீட்டுத் திரேசா. யாழ்ப்பாணத்துக்காரி. பல் டாக்டர் கிளினிக்கில் வருகிறவர்களுக்குப் பெயர் எழுதும் வேலை.

"அக்கா, வக்கீலிட்டக் கேட்டனீங்களோ?"

"அவர் ஆபீஸ் வக்கீலுக்கு மெயில் பண்ணா ஆட்டோ ரிப்ளைதான் வருது. கோயில்ல கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க."

திரேசா இலவசச் சட்ட உதவி எண்ணைப் போட்டாள். ஆங்கிலத்துக்கு எழுபது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றது குரல். வைத்துவிட்டு மறுபடியும் போட்டு, ஸ்பானிஷுக்கு இரண்டை அமுக்கினாள்.

"இதிலதான் கெதியா எடுப்பினம். நான் கதைக்கிறன், நீங்கள் பேப்பரை எடுங்கோ."

நாலாவது நிமிடம் ஒரு பெண் எடுத்தாள். எந்தப் பல், எத்தனை நாளாக வலி என்று கேட்டுப் பழகிய ஸ்பானிஷ் திரேசாவுடையது. சட்ட வார்த்தை வரும் இடமெல்லாம் சுற்றி வளைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுநடுவே 'முரியோ' என்ற சொல் வந்தது. இறந்துவிட்டார் என்று அர்த்தமாக இருக்கும் என ஹம்சா ஊகித்தாள். தமிழில் அதைச் சொல்பவர்கள் கூடவே அழுவார்கள். ஆங்கிலத்தில் சொல்பவர்கள் தலையைச் சாய்ப்பார்கள். இந்தப் பாஷையில் அப்படி எதுவும் வரவில்லை. மூன்றாம் தடவை அந்தச் சொல் வந்தபோது அவள் சமையல் மேடையில் காய்ந்திருந்த ரசத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இங்கையே இருந்தா விண்ணப்பத்தைத் தொடர வழி இருக்காம். பயண அனுமதிப் பேப்பர் இல்லாம வெளிக்கிட்டா அதோட முடிஞ்சுதாம். திங்கக்கிழமை ஒரு வக்கீல் கூப்பிடுவாராம்."

"சனிக்கிழமை?"

"போகாதேங்கோ எண்டு சொல்லுறா. ரெண்டு தரம் சொன்னவ."

ஹம்சா கும்பகோணத்துக்குப் போன் போட்டபோது அங்கே ராத்திரி. மாமனார் வாஞ்சிநாதன்தான் போனை எடுத்தார்.

"மாமா, நான் வரல."

"என்னம்மா சொல்ற? அவன் அஸ்திம்மா."

"வந்தா திரும்பி விட மாட்டாங்களாம். ஸ்ம்ருதி இங்க தனியா நிப்பா."

"யார் சொன்னா?"

"போன்ல ஒரு அம்மா. ஸ்பானிஷ்ல."

"உனக்கு ஏது அந்த பாஷை?"

"திரேசாவுக்குத் தெரியும் மாமா."

அந்தப் பக்கம் யாரோ டிவியை அணைத்தார்கள். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தனக்கும் அழுகை வரும் என்று ஹம்சா காத்திருந்தாள். வரவில்லை.

"இங்கயே ஆத்துல கரைச்சிடலாமா மாமா? நீங்க சொன்னாத்தான்."

அவர் கேட்டார். "யார் கரைப்பா?"

"ஸ்ம்ருதி."

"அங்க படித்துறை இருக்கா?"

"இல்ல. போட் எறக்கற சரிவு ஒண்ணு இருக்கு."

"வழுக்கும். அவ கையப் புடிச்சுக்கோ."

போனை வைத்துவிட்டு ஹம்சா டிக்கெட்டை ரத்து செய்தாள். காரணம் என்னவென்று ஒரு பட்டியல் வந்தது. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

உங்களில் யாருக்காவது இப்படிப் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் ஆனதுண்டா? என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுதிப் போடுங்கள்.