உப்புப் புள்ளிகள்

கேண்டீனில் காபி வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் உப்பு என்னை மடக்கினான். அது அவன் பெயர் இல்லை, அவன் பார்த்த வேலை. சுரங்கத்தின் அடி ஆழத்தில் ஒரு தொட்டி நிறையத் திரவ செனானை ஊற்றிவைத்து, பிரபஞ்சமெங்கும் நிறைந்திருந்தும் கண்ணில் படாத இருண்ட பொருளின் துகள் ஒன்றாவது வந்து மோதித் தொலையாதா என்று காத்துக் கிடக்கும் கூட்டம் நாங்கள். மோதினால் துளியூண்டு வெளிச்சம் வரும். ஏங்கிக் கிடப்பவர்களுக்கு ஏங்கியதெல்லாம் கண்ணில் தெரியும் என்பதால், எங்களில் ஒருவர் நிஜம் போலவே இருக்கும் பொய் மோதல்களைத் தரவுகளுக்குள் கலந்துவிடுவார். எவை பொய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இதற்குத்தான் உப்பு போடுவது என்று பெயர். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று நாங்கள் கோடு போட்டு, இனி மாற்ற மாட்டோம் என்று பூட்டிய பிறகே அவர் தன் உப்பைப் பொறுக்கி வெளியே எடுப்பார். இந்த முறை போட்டவன் இவன். என்னைவிடச் சின்னவன், வாய் நிறைய அக்கா என்பான்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு என்ன சொன்னீங்க?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். மத்தியானம் உப்ப எடுத்ததும் என்ன மிஞ்சுதுன்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்."

அவன் கோப்பையின் மூடியைத் திறந்தான், மூடினான். "விட்றாதீங்கக்கா. நல்ல வேலை."

சொன்ன மாத்திரத்தில் அவன் முகம் வெளுத்தது. எனக்கு இரண்டு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் புத்திமதியை யார் வேண்டுமானாலும் எனக்குச் சொல்லலாம். அம்மா சொன்னாள், வீட்டுக்காரர் சொன்னார், பல்லைப் பிடுங்கிய டாக்டர்கூடப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். இவன் ஒருவன் சொல்லக் கூடாது. எது உப்பு என்று தெரிந்தவன் இவன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். திரையின் மூலையில், மோதலுக்கு ஒன்றாக, என் புள்ளிகள் கொத்தாக நின்றன. அவற்றை முதலில் பார்த்தவள் நான். இதற்கு முன் இரண்டு கருவிகளில் வேலை பார்த்து, இரண்டிலும் "இங்கே இல்லை" என்று கட்டுரை எழுதியவள். இல்லை என்பதை மேலும் மேலும் துல்லியமாகச் சொல்வதிலேயே தலை நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "தேடுறாங்க மிஸ், இன்னும் கிடைக்கல" என்று என் மகள் சொல்லிவிட்டு வந்தாள். இந்தக் கருவியையும் நிறுத்தப் போகிறார்கள். புள்ளிகள் நிஜமென்றால் என் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருந்ததாக ஆகும். உப்பென்றால், புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்கப் போக வேண்டியதுதான். அதுவும் கௌரவமான வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"அவன் சும்மா அக்கறையில சொல்லியிருப்பான்மா. மேகமே இல்லாட்டியும் குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ற ஆளு."

"அப்புறம் ஏன் அவன் மூஞ்சி அப்படிப் போச்சு?"

போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினேன்.

கடைசிக் கோட்டை நான்தான் போட வேண்டும். தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் கசடும் இதே மாதிரி வெளிச்சம் காட்டும். அதை ஒதுக்கும் கோடு. என் புள்ளிகள் அதன் ஓரத்தை உரசிக்கொண்டு இருந்தன. நேற்றென்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். இன்று கொஞ்சம் உள்ளே நகர்த்திப் புள்ளிகளைத் தள்ளினால், பின்னால் அசிங்கப்படாமல் இருக்க நகர்த்துகிறேன் என்று தோன்றியது. அப்படியே விட்டால் வீம்புக்கு விடுகிறேன் என்று தோன்றியது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்மேல் இரக்கப்பட இவனுக்கு யார் அனுமதி கொடுத்தது?

கடைசியில் குழுத் தலைவரின் கதவைத் தட்டினேன்.

"சார், கோட்ட நான் போடக் கூடாது. எனக்கு ஏதோ தெரிஞ்சிருச்சு. நிஜமாவே தெரிஞ்சதான்னுகூடச் சொல்லத் தெரியல."

"யார் சொன்னது?"

"அது வேணாம் சார்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "விட்டுக்குடுக்கப் போறது உன் கோடும்மா. நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா போட்டுருவேன் சார்."

"சரி. வேற ஆளப் போடச் சொல்றேன். ஆனா மத்தியானக் கூட்டத்துக்குள்ள நீ வர முடியாது."

மத்தியானம் எல்லோரும் கூட்ட அறைக்குள் போனார்கள். உப்பு என்னைத் தாண்டும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். போ என்று கை காட்டினேன். கதவு சாத்திக்கொண்டது. அதில் பதித்த கண்ணாடி வழியே வரிசையாக முதுகுகள்தான் தெரிந்தன. திரையைத் தலைவரின் உடம்பு மறைத்தது. தாழ்வாரத்தில் நடந்தேன். ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். உள்ளே கைதட்டல் கேட்கவில்லை, நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

பிறகு ஒருவர் திரும்பினார். பக்கத்திலிருந்தவர் திரும்பினார். வரிசை வரிசையாக அத்தனை முகங்களும் கதவை நோக்கி, என்னை நோக்கித் திரும்பின. அது வியப்பா, இரக்கமா என்று கண்ணாடி வழியே எனக்குப் பிடிபடவில்லை. உப்பு மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.