தரைக்கும் விரலுக்கும் நடுவே

அண்ணனும் தம்பியும் ஒரே சலூனில் முடிவெட்டுகிறவர்கள். இருவருக்கும் ஒரே வியாதி. உடம்பு தன் முதுகெலும்பையே எதிரியாக நினைத்துத் தாக்கித் தாக்கி, கடைசியில் மூங்கில்போல் விறைக்கவைத்துவிடும். அண்ணனுக்குக் குனியவே வராது, நாற்காலியைத்தான் உயர்த்துவார். "எங்கண்ணன் கீழ வர மாட்டாரு, கஸ்டமரைத்தான் மேல அனுப்புவாரு" என்று தம்பி சொல்ல, கடையே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். கழுத்து திரும்பாததால் சுவரைப் பார்த்து.

வியாதியை அடக்குகிற பயாலஜிக் ஊசியை ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான்; யாருக்கு விறைப்பு அதிகமோ அவருக்கு. அது அண்ணன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கடிதத்தைப் படித்துச் சொன்னவன் தம்பி.

பரிசோதனையன்று காலையில் அவனே இரண்டு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தான்.

"என்னடா இது?"

"வலி மாத்திரைண்ணா. மணிக்கணக்கா பெஞ்சுல உக்காரணும். எதுக்கு அவஸ்தை?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர், முட்டியை மடக்காமல் குனியச் சொன்னார். விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நர்ஸ் டேப்பால் அளந்தாள். வழக்கமாகத் தொடையோடு நின்றுவிடும் அண்ணனின் விரல்கள் அன்று முட்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு இறங்கின. பரீட்சையில் நிறைய மார்க் வாங்கியே பழகாதவருக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"பாத்தீங்களா டாக்டர்! இன்னும் கொஞ்சம் விட்டா உங்க ஷூவுக்கே பாலிஷ் போட்டுடுவேன்!"

இருபது சென்டிமீட்டர். அடுத்து தம்பி குனிந்தான். "ஐயோ அம்மா" என்று நாற்பதில் நின்றுவிட்டான்.

"ஊசி தம்பிக்கு" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. "லெட்டர்ல சொன்ன மாதிரி ரெண்டு நாளா யாரும் வலி மாத்திரை போடலையே? ஒருத்தர் ஏமாத்தினாலும் வீட்டையே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவோம்."

"தொடவே இல்ல டாக்டர்" என்றான் தம்பி. அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குத்தான் கழுத்து நன்றாகத் திரும்புமே.

"நீங்க?"

அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் இருவருக்கும் இல்லை. சொல்லாவிட்டால் ஒருவனாவது நிமிர்ந்து நின்று கத்திரி பிடிப்பான். அவன் தலையில் இடி விழ வேண்டும் என்றும் தோன்றியது; விழுந்தால் யார் கடையைத் திறப்பது என்றும் தோன்றியது.

"இல்ல டாக்டர்."

நர்ஸ் ஊசிகள் வைத்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். தம்பி கை நீட்டினான்.

"நீங்க குனியாதீங்க" என்றாள் நர்ஸ். "அவருதான் நல்லா குனியிறாரே, அவர் எடுக்கட்டும்."

மாத்திரையின் வேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் குனிந்தார். கைப்பிடி எட்டவில்லை. இன்னொரு முறை முயன்றார். இடுப்பில் ஏதோ முறுக்கிப் பிடிக்க, முனகிவிட்டார்.

தம்பி அவர் காதோரம் சாய்ந்தான்.

"நடிக்காதீங்கண்ணா. அவங்க பாக்குறாங்க."