கேட்டுக்கு உள்ளே போன கொழுந்தன்

பழைய ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் நெட்டையனின் மனைவிக்குப் பேச்சு அந்த வேலைநிறுத்தத்தில்தான் போய் நிற்கும். நிலக்கரிச் சுரங்கத்தை மூடி, மேலே புல் மண்டிவிட்டது. அவளுக்கு அந்தக் குளிர்காலம் இன்னும் நேற்றுப் போலத்தான்.

அரசாங்கம் கவிழ்ந்து வேறொன்று வந்த வருஷம் அது. ரொட்டிக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. கூலி மட்டும் அசையவில்லை. ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுரங்க வாசலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பொது அடுப்பு மூட்டினார்கள். சூப்பில் உருளைக்கிழங்கை வலை போட்டுத் தேட வேண்டும். இருந்தும் அந்த அடுப்பைச் சுற்றி வயிறு வலிக்கச் சிரித்ததுபோல அப்புறம் சிரித்ததே இல்லை என்பாள்.

அவள் கொழுந்தன் இன்னும் சிலரோடு சுரங்க கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனான். கைக்குழந்தைக்கு மார்ச்சளி, மருந்துக்கு வழியில்லை.

"எனக்குத் தம்பியே கிடையாது" என்றான் நெட்டையன். அவள் தினமும் கொழுந்தன் வீட்டுக்குத் தூக்கில் சூப் கொண்டுபோவதை மட்டும் தெரிந்தும் தெரியாதவன்போல இருந்தான்.

ஒரு மத்தியானம் அபாயச் சங்கு ஊதியது. உள்ளே கூரை சரிந்து கொழுந்தனும் சிலரும் மாட்டிக்கொண்டார்கள். நெட்டையன்தான் முதலில் எழுந்தான். சங்கத் தலைவர் அவன் கையைப் பிடித்தார்.

"நீங்க இறங்கினா, வேலைநிறுத்தம் முடிஞ்சதுன்னு நாளைக்கே பேப்பர்ல போடுவாங்கப்பா."

"போடட்டும். நான் வேலைக்கா போறேன்? என் தம்பியைக் கூட்டிட்டு வரப் போறேன்."

தலைவர் கையை விட்டார். பிறகு அவரே ஒரு விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

பொழுது சாயும்போது ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்தது. சிக்கியவர்கள் எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். கால் நசுங்கிய கொழுந்தன் அண்ணன் முதுகில் கிடந்தான். மேனேஜர் ஓடி வந்தார்.

"ரொம்ப நன்றிப்பா. இறங்கினது இறங்கிட்டீங்க, அப்படியே நாளையிலேருந்து..."

நெட்டையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, கரி படிந்த முகத்தோடு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் கேட்ட கூலி உயர்வில் பாதி கிடைத்தது. அதையும் விலைவாசி சீக்கிரமே விழுங்கிவிட்டது. அவளுக்கு அது பெரிதாக ஞாபகமில்லை. மறுபடி வேலைக்குத் திரும்பிய காலைதான் ஞாபகம். தெரு நிறைய பூட்ஸ் சத்தம். கொழுந்தன் ஊன்றுகோலோடு ஓரமாக வந்து நின்றான். இனி சுரங்கத்தில் இறங்க முடியாத கால். வரிசையில் ஒருவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். அவனும் கேட்டு வரைக்கும் அவர்களோடு நடந்துபோனான்.