வடக்கும் தெற்கும் வடிவின் வீடும்

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவே மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அது வடிவின் வீடு. அடுக்களைக் கதவைத் திறந்தால் வடக்குப் பல்கலைக்கழகத்தின் சுவர். வாசல் கதவைத் திறந்தால் தெற்குப் பல்கலைக்கழகத்தின் சுவர். கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். பால்காரர் அப்படித்தான் வந்துபோனார். எங்கிருந்து வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். இரண்டும் பெரியவை. அவை யாரையும் விரட்டி இடம் பிடிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊர் கண்ணயரும்போது சுவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். அவ்வளவுதான். ரேஷன் கடை அப்படித்தான் வடக்கே போய்ப் புவியியல் துறை ஆனது. அரிசி வாங்கப் போனவர்கள் பையோடு இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்கள்.

டைப்ரைட்டிங் நிலையம் மட்டும் ஒரு பகல் முழுக்கத் தாக்குப்பிடித்தது. அன்று அங்கே பரீட்சை. பரீட்சை நடக்கிற இடத்தில் சுவர் கை வைக்காது. கடைசிப் பெண் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். அவள் வாசலுக்கு வந்தபோது வாசல் இல்லை. தெற்கின் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தது.

எதிர்வீட்டு மரகதத்தக்கா போன ஆடியில் தெற்கோடு போனாள். இப்போது அவள்தான் தெற்கின் மணி. பாடவேளை முடியும்போது சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல் வரும்.

"ஏ ஆவுடை, உலை வச்சாச்சா?"

உடனே எண்ண முடியாத நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். வடிவின் அம்மா ஆவுடை அடுக்களையிலிருந்து, "வச்சாச்சுக்கா" என்பாள்.

வடிவின் அக்கா கோமதி கணிதம் படிக்கத் தெற்கே போனாள். நல்ல மார்க்கு. மாலை போட்டு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. அப்பா சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வடக்கே போனார். வரிசையில் நின்றார். வரிசை ஒரு வகுப்பறைக்குள் போய் முடிந்தது. அவரும் திரும்பி வரவில்லை.

வடிவு எங்கும் போகவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் சுவருக்குள் போன அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

ஒரு நாள் காலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். வடக்கிலிருந்து ஒரு ஐயா. தெற்கிலிருந்து ஒரு மேடம். ஐயா பேசும்போது யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். மேடத்தின் இமைகளில் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது. அவர் கண் சிமிட்டவே இல்லை. அம்மா பாயை விரித்தாள். பெண் பார்க்க வந்தவர்களைப் போல இருவரும் பட்டும் படாமல் உட்கார்ந்தார்கள்.

"காப்பி குடிக்கியளா?" என்றாள் அம்மா.

"குடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஐயா.

விஷயம் எளிது என்று மேடம் சொன்னார். எங்கும் சேராத பிள்ளை எந்தப் பக்கம் சேருகிறதோ, அந்தப் பக்கம் வீடு போகும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வடிவு முடிவு சொல்ல வேண்டும்.

"இவ ஒம்பதாப்புதான் படிச்சிருக்கா."

"எங்களிடம் இன்னும் பிறக்காதவர்கள்கூட முதுகலையில் இருக்கிறார்கள்" என்றார் ஐயா, சுவரிடம்.

"எங்களிடம் மரம் அதிகம்" என்றார் மேடம்.

"எங்களிடம் நிழல் அதிகம். மரம் கிடையாது."

அம்மா யோசித்தாள். "ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி?"

"ஞாயிற்றுக்கிழமை கறி" என்றார் ஐயா.

"எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே வராது" என்றார் மேடம்.

வடிவு தூணுக்குப் பின்னால் நின்றாள். வெளியாட்கள் முன் அவளுக்குப் பேச்சு வராது. தூணிடம் கேட்டாள். "ஒரு பக்கம் சேந்துட்டா, அடுத்த பக்கத்து ஆளப் பாக்க முடியுமா?"

"பார்க்க வேண்டியிருக்காது" என்றார் மேடம். "சேர்ந்ததும் அடுத்த பக்கம் மறந்துவிடும். அதுதான் முதல் பாடம். எல்லாரும் பாஸ்."

அம்மா எழுந்து சாமி படத்தின் முன் போனாள். அங்கே செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருந்தன. பழைய பேப்பரைக் கிழித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பொட்டலம் மடித்தாள். படத்தின் முன் வைத்தாள்.

"செவப்பு வந்தா வடக்க. வெள்ள வந்தா தெக்க. எடுட்டி."

வடிவு எடுக்கவில்லை. "ரெண்டு பக்கமும் போய்ப் பாத்துட்டு வந்து எடுக்குதேன்" என்றாள். ஐயாவும் மேடமும் ஆட்சேபிக்கவில்லை. பார்க்காமல் யார் சேருவார்கள்?

அடுக்களைக் கதவைத் திறந்தாள். எதிரே வடக்கின் சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. நேற்று அது இல்லை.

உள்ளே ஒரு நடைவழி. அவள் நடக்க நடக்க அது நீண்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. ஓரமாக நின்று, நடப்பது போலப் பாவனை செய்தபோது அது ஏமாந்து முடிந்துபோனது. முடிந்த இடத்தில் ஒரு வகுப்பறை. முதல் பெஞ்சில் அப்பா இருந்தார். மீசை சின்னதாகியிருந்தது. இரண்டு கைகளிலும் வெள்ளை நூல். அடிஷனல் ஷீட் கட்டுகிற நூல். பையிலும் காலடியிலும் உருண்டை உருண்டையாக நூல். வகுப்பு முழுக்க அப்படித்தான்.

"வடிவா? நீ எந்தப் பிரிவு?"

"நான் சேரலப்பா. பாக்க வந்தேன்."

"உக்காராத. உக்காந்தா சேந்த மாதிரி ஆயிரும்." குரலைத் தாழ்த்தினார். "பரீட்சைக்கு நூல் குடுத்துட்டாவ. தாள் இன்னும் வரல."

"எப்ப வருமாம்?"

"கேட்டா இன்னும் கொஞ்சம் நூல் குடுக்காவ."

அப்பா சிரித்தார். பழைய சிரிப்புதான். கோழி முட்டையிடுகிறதா என்று கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று கேட்டார். வடிவு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, "கோமதியக்காவ பாக்கப் போறேன்" என்றாள்.

"அது யாரு?"

"அக்காப்பா."

"நீ ஒத்தப் புள்ளதானட்டி." அவர் முகத்தில் பொய் இல்லை. பின் பெஞ்சில் ரேஷன் கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

வடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே வந்தால் தனக்கும் அம்மாவுக்கும் அதுதான். அக்காவை மறந்துவிட்டோம் என்பதுகூடத் தெரியாது. அக்காவின் பாவாடையை எடுத்துப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டுவிட்டுத் தரை துடைப்பார்கள்.

கிளம்பும்போது அப்பா நூலின் முனையை அவள் விரலில் கட்டினார். "இந்த நடைய நம்பக் கூடாது. நான் இந்தப் பக்கம் பிடிச்சிருக்கேன். எங்கேயாவது தெகச்சு நின்னா ஒரு இழுப்பு இழு."

நூல் பின்னால் வர அவள் திரும்பினாள். அடுக்களை வழியாக வீட்டுக்குள் வந்தாள். அம்மா நூலைப் பார்த்தாள். தடுக்கிவிடாமல் இருக்கக் குடத்தை நகர்த்தி வைத்தாள். பாயில் இருந்த இருவரும் கண்ணைத் திறந்தபடி தூங்கினார்கள். வடிவு வாசலைத் தாண்டித் தெற்குச் சுவரின் சின்னக் கதவுக்குள் போனாள்.

தெற்கில் நடை கிடையாது. நேராகப் பரீட்சைக் கூடம்தான். கூரை எங்கே என்று தெரியவில்லை. மரங்கள் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே கோமதி. அவள் பெஞ்சைச் சுற்றி இடுப்பளவு அடிஷனல் ஷீட். விரலில் மை. முடியில் நரை. போகும்போது அவளுக்குப் பதினெட்டு.

"அக்கா."

"பேசாத. எழுதிட்டு இருக்காவ." கோமதி தலை தூக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "எழுதி முடிச்சு நாளாச்சுட்டி. கட்டிக் குடுக்கத்தான் நூல் இல்ல. கட்டாத தாள வாங்க மாட்டாவளாம்."

"கேட்டியா?"

"கேட்டா இன்னும் கொஞ்சம் தாள் குடுக்காவ."

மேலே எங்கிருந்தோ மரகதத்தக்காவின் குரல் வந்தது. "இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

"இவ வந்ததுலேர்ந்து இதத்தான் சொல்லுதா" என்றாள் கோமதி. "இவளுக்கு முன்ன இருந்த மணி அர மணி நேரம்னு சொல்லும். அது தேவல."

அப்போதுதான் வடிவின் விரலைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். நூலை அவிழ்த்தாள். வேகமாகத் தாள்களை அடுக்கினாள். ஓட்டை வழியாக நூலைக் கோத்தாள். முடிச்சுப் போட்டாள். மிச்ச நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தாள். வாசலில் இருந்த கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். தாளை வாங்கக் கையை நீட்டியபடி அங்கிருந்தே நடந்து வரத் தொடங்கினார். வாசல் தொலைவில் இருந்தது. கைதான் அவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது.

வடிவு டைப்ரைட்டிங் நிலையத்தை நினைத்தாள். கடைசிப் பெண் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்ததை நினைத்தாள்.

"கடிக்காதக்கா. தாளக் குடுக்காத."

"குடுத்தாத்தானட்டி வீட்டுக்கு வர முடியும்."

"குடுத்தா பரீட்ச முடிஞ்சிரும். முடிஞ்சா வீடு இருக்காது. இந்த நூலு நம்ம வீட்டு வழியாத்தான் வருது."

கோமதி நூலைப் பார்த்தாள். அது கதவுக்கு வெளியே, வீட்டுக்குள், அதற்கும் அப்பால் போயிருந்தது. லேசாக அசைந்தது.

"அந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்கா?"

"அப்பா."

"யாரு?"

வடிவு நூலைத் தொட்டாள். "பிடிச்சுட்டே இருக்காவ, அவ்வளவுதான்."

கை பெஞ்சுக்கு வந்துவிட்டது. உள்ளங்கை விரிந்து தாளுக்காகக் காத்திருந்தது. கோமதி அதைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். அவள் கணக்கில் எப்போதும் கெட்டிக்காரி. பேனாவை எடுத்தாள்.

"சார், ஒரு திருத்தம் இருக்கு" என்றாள். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். கை மெல்லப் பின்னால் போனது.

வடிவு நூலைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா விளக்கில் திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஐயாவும் மேடமும் கண்ணைத் திறந்தபடியே விழித்தார்கள்.

"முடிவு?" என்றார் மேடம்.

வடிவு ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு செம்பருத்தி. அதன் மேல் ஒரு நந்தியாவட்டை.

"இது செல்லாது" என்றார் ஐயா.

அடுத்ததைப் பிரித்தாள். அதிலும் ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை. அம்மா திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுலயும் ரெண்டையும் வச்சேன்" என்றாள் அம்மா. "எனக்குக் கை வரல."

மரப்பலகை நெரிபடுகிற சத்தம் கேட்டது. அடுக்களைக் கதவு தானாக உள்பக்கம் வளைந்தது. வாசல் கதவும் வளைந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் நடுவீட்டை நோக்கி நகர்ந்தன. மேடம், "அப்படியானால் பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். எந்த இடத்தில் கோடு வரும் என்று அளப்பது போல.

"அம்மா, அசையாத" என்றாள் வடிவு. கையில் இருந்த நூலை உயர்த்திக் காட்டினாள். தூணிடம் அல்ல. நேராக அவர்களிடம்.

ஐயா முதல்முறையாகச் சுவரை விட்டுக் கண்ணை எடுத்தார். நூலைத் தடவிப் பார்த்தார். "இது எங்கள் மாணவர் கையில் இருக்கிறது."

மேடம் அடுத்த பக்கத்தைத் தடவினார். "இது எங்கள் தாளில் இருக்கிறது."

"தாள் வாங்கியாயிற்றா?"

"இல்லை. திருத்திக்கொண்டிருக்கிறாள்."

"அப்படியானால்" என்றார் ஐயா, குரலைத் தாழ்த்தி, "இங்கே பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது."

சுவர்கள் நின்றன.

மேடம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இருவரும் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவே நடக்கத் தொடங்கினார்கள். எதிரெதிரே வரும்போது ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். நூலை மிதிக்காமல் கால் வைத்தார்கள்.

"இனி என்னட்டி செய்ய?" என்றாள் அம்மா.

மேடம் உதட்டில் விரல் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. கோழிகூடக் கேறவில்லை. அம்மா தாகம் எடுத்தால் கையைத் தூக்கினாள். அவள் குடத்திலிருந்தே அவளுக்கு ஐயா தண்ணீர் மொண்டு கொடுத்தார். மரகதத்தக்கா சுவருக்கு அப்பாலிருந்து, உலை வச்சாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டாள். இன்னும் பத்து நிமிசம் இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

வடிவு நடுவீட்டில் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடக்கிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. மெல்லிய இழுப்பு. இருக்கியா என்று கேட்பது போல. அவள் அதைத் தெற்கே அனுப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தெற்கிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. அதை வடக்கே அனுப்பினாள்.

அந்தப் பக்கம் இருப்பது வடிவு என்று அப்பா நினைத்திருப்பார். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அவள் விரல்களைத் தளர்த்தினாள். நூலைத் தரையில் விட்டாள். அது கொஞ்சம் வடக்கே போனது. நின்றது. கொஞ்சம் தெற்கே வந்தது. அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அம்மா கையைத் தூக்கினாள். மேடம் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். நூலைத் தொடலாமா என்று சைகையில் கேட்டாள்.

மேடம் ஐயாவைப் பார்த்தார். ஐயா சுவரைப் பார்த்தார்.