முதலில் நீங்கள்

தூபா கானும் என்கிற அம்மாள் தன் ஊரான யஸ்துக்குத் திரும்பிப் போகிற நாளில், நேராகப் பேருந்து ஏற்றிவிடாமல் பழைய அரண்மனை இடிபாடான தக்தே ஜம்ஷீதைச் சுற்றிக் காட்டலாம் என்று முதலில் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தூபா கானும் ஆசைப்பட்டார் என்றார் அப்பா. உங்கள் அப்பாவுக்குத்தான் பழைய கற்கள் என்றால் உயிராமே என்றார் தூபா கானும். நானோ ஷிராஸில் பிறந்த பாவத்துக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையெல்லாம் அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கிருக்கும் கல் சிங்கங்களுக்கே என் முகம் அலுத்திருக்கும். ஆக, அன்று காரில் கிளம்பிய மூவரில் யாருக்கும் அங்கே போக விருப்பமில்லை. ஆனாலும் போனோம்.

தூபா கானும் எங்கள் மேல்வீட்டுக்காரியின் அக்கா. கானும் என்றால் எங்கள் பாரசீகத்தில் அம்மாள். கணவரை இழந்தவர். தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தார். அந்த ஒரு மாதமாக, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா குத்ரத், தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு மொட்டைமாடிக்குப் போய் ஏர்கூலரைச் சரிபார்த்தார். ஏர்கூலருக்கு ஒரு கோளாறும் இல்லை. போகிற வழியில்தான் மேல்வீட்டுக் கதவு.

அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. விஷயம் புரிந்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு நாள், அப்பா தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு தட்டையும் ஒரே ஒரு கரண்டியையும் கழுவிக் கவிழ்ப்பதைப் பார்த்தேன். அதோடு கோபம் போய்விட்டது. என் கணவருக்கு பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு மாற்றல் வந்திருந்தது. கோடை முடிவதற்குள் நானும் போயாக வேண்டும். அந்த ஊர்ப் புழுக்கத்துக்கு நான் வரமாட்டேன் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில், சமையலறையில் ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு அவங்ககிட்ட கேட்டுடறேன், ஷஹ்லா. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு. சரின்னாலும் இல்லைன்னாலும் இன்னைக்கே தெரிஞ்சுடும். நீ நிம்மதியா ஊருக்குப் போகலாம்."

அவருக்கு நிம்மதியாக இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

யஸ்து போகும் சாலையும் அதே வழிதான். தக்தே ஜம்ஷீத், பிறகு பாறைக் கல்லறைகள் இருக்கும் நக்ஷே ருஸ்தம், பிறகு கூரோஷ் மன்னர் அடங்கிய பசார்காத். அதைத் தாண்டி நெடுஞ்சாலையில் நின்றால், ஷிராஸிலிருந்து மாலையில் வருகிற பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். ஓட்டுநரிடம் சொல்லி வைத்தாயிற்று.

தொல்லை வாசலிலேயே தொடங்கியது. முன் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள் என்றார் அப்பா. ஐயோ, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் உட்காருவதா, நீங்கள் உட்காருங்கள் என்றார் தூபா கானும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் காத்திருந்தேன். கடைசியில் இருவரும் பின்னால் ஏறி ஆளுக்கொரு ஜன்னலோரம் ஒட்டிக்கொள்ள, முன் இருக்கையில் ஃபிளாஸ்க் வந்தது. நான் வாடகைக் கார் ஓட்டுவதுபோல் ஊரைக் கடந்தேன்.

இதற்கு எங்கள் ஊரில் தாரோஃப் என்று பெயர். உபசாரம்தான், ஆனால் உபசாரத்தில் முற்றிய வியாதி. கொடுப்பவர் மூன்று முறை கேட்க வேண்டும். வாங்குபவர் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது முறை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவையே சரி என்றால் பறக்காவெட்டி என்பார்கள். ஆகவே எங்களிடம் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், அது வேண்டாமா, வேண்டுமா என்பது கேட்டவர் பாடு. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கே பாதி நேரம் பிடிபடாது.

தக்தே ஜம்ஷீதின் படிகளுக்குக் கீழே அப்பா தேநீர் நீட்டியபோது இதுதான் நடந்தது.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்," என்றார் தூபா கானும்.

அப்பா மறுபடி நீட்டினார். நிஜமாகவே வேண்டாம் என்றார் அவர். மூன்றாவது முறை நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இவ்வளவு சொல்றீங்க. இதுக்கு மேல மறுத்தா மரியாதையா இருக்காது."

பிறகு அந்தத் தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தாகத்தோடுதான் இருந்திருக்கிறார். அப்பா ஃபிளாஸ்க் மூடியை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தார்.

மேலே ஏறினால் பெரிய வாசல். மனிதத் தலையும் காளை உடம்பும் இறக்கையுமாக இரண்டு பக்கமும் சிலைகள் காவல் நிற்கும். நடுவில் பார்வையாளர்களுக்காகப் போட்ட மரப்பாதை, ஒரு நேரத்தில் ஒருவர் போகலாம். அங்கே வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். முதலில் நீங்கள் என்று அப்பா கையை நீட்டினார். முதலில் நீங்கள் என்று தூபா கானும் ஒதுங்கினார். அந்தக் காலத்தில் அத்தனை தேசத்துக்காரர்களும் கப்பம் சுமந்துகொண்டு இந்த வாசல் வழியாகத்தான் ராஜாவிடம் போனார்களாம். எப்படித்தான் போனார்களோ, இங்கே இரண்டு பேரே போய்ச் சேரவில்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வந்து தேங்கிவிட்டது. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆசிரியை பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர்களே, தயவுசெய்து யாராவது ஒருத்தர் போங்கள் என்று கெஞ்சினார். அப்போதும் போகவில்லை. கடைசியில் இருவரும் ஒதுங்கி நின்று, பள்ளிக்கூடத்தை முதலில் அனுப்பினார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தூபா கானும் ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். உங்கள் அப்பா இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாரே என்றார். அப்பாவிடம் போனேன். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, அரைத் தூண் ஒன்றை வெறித்தபடி நின்றார். பாவம், அவர்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை போலிருக்கிறதே என்றார். என் தலை சுற்றியதற்கு வெயில் மட்டும் காரணமல்ல.

நக்ஷே ருஸ்தமில் நான் காரைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அவர்கள் பாறைக்கு முன்னால் போயிருந்தார்கள். குதிரை மேல் ஒரு ராஜா கம்பீரமாக உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் ஒருவன் மண்டியிட்டுக் கெஞ்சுகிற சிற்பம் அங்கே உண்டு. அப்பா அந்த மண்டியிட்டவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். நான் சட்டென்று நின்று, செருப்பில் கல் புகுந்ததுபோல் குனிந்துகொண்டேன். காது மட்டும் அங்கேதான்.

"தூபா கானும், நீங்க யஸ்துக்குத் திரும்பிப் போய்த்தான் ஆகணுமா? என்னைக் கட்டிக்கிட்டு, என் வீட்லயே இருந்துடக் கூடாதா?"

தூபா கானும் முக்காட்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்," என்றார்.

அவ்வளவுதான். தேநீருக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். இது தேநீர் வேண்டாம் போன்ற வேண்டாமா, உண்மையான வேண்டாமா? நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப்போலத்தான் விழித்துக்கொண்டிருந்தார்.

பிறகு காரில் ஏறினோம். தூபா கானும் வெள்ளரிக்காயை நறுக்கி உப்பு தொட்டு நீட்டினார். அப்பா முதல் தடவை வேண்டாம் என்றார். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை வாங்கித் தின்றார். எனக்கு அந்த வெள்ளரிக்காயை ஜன்னல் வழியே வீசலாம்போல் இருந்தது.

பசார்காதில் ஒதுங்க நிழல் கிடையாது. மொட்டை வெளி, நடுவில் படிப்படியாக அடுக்கிய கல்மேடை, அதன் மேல் கல்லாலான சின்ன வீடுபோல் அந்தக் கல்லறை. காற்று மட்டும் உண்டு. காற்றின் திசையில் நின்றதால் இரண்டாவது தடவையும் எனக்குக் கேட்டது. அப்பா இந்த முறை சுருக்கமாகக் கேட்டார். எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள், நான் தனியாள் என்றார்.

தூபா கானும் கல்லறையைப் பார்த்தபடி முழங்காலைத் தடவினார்.

"என்னை மாதிரி முழங்கால் போனவளை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? வேண்டாங்க."

அப்பா தலையை ஆட்டினார். காற்று பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காரை நோக்கி நடந்தார். மூன்றாவது தடவை கேட்கவே இல்லை.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"பாபா, இன்னொரு தடவை கேளுங்க. ரெண்டு தடவைதானே ஆயிருக்கு? வெள்ளரிக்காய்க்குக்கூட மூணு தடவை."

"இது வெள்ளரிக்காய் இல்லைம்மா," என்றார். கார் கதவைத் திறக்காமலே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணாவது தடவையும் வேண்டாம்னு சொல்லிட்டா, அது நெஜமாவே வேண்டாம்தான். அதுக்கப்புறம் நெனச்சுக்க ஒண்ணும் இருக்காது. ரெண்டோட நிறுத்திக்கிட்டா, கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டாவது இருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. என்ன மனுஷர் இவர் என்று கோபமும் வந்தது. சரி, இவர் கேட்காவிட்டால் நானே கேட்கிறேன் என்று கழிப்பறைப் பக்கம் போயிருந்த தூபா கானுமிடம் போனேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தார். என் அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டேன். அவர் காலடி மண்ணுக்குக்கூட நான் ஈடில்லை என்றார். இது எங்கள் ஊரில் தபால்காரரைப் பற்றிக்கூடச் சொல்வது. உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்றேன். அவர் பெரிய மனசு, நான் யார் என்றார். சுவரோடு முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் திரும்புகையில், ஈரக் கையைத் துடைக்காமலே அவர் கேட்டார்.

"உங்க பாபா களைச்சுப் போயிட்டாரா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல. ரெண்டு தடவை பேசினார். அப்புறம் பேச்சையே காணோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் முக்காட்டைச் சரிசெய்கிறேன் என்று மறைத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபடியே காரை நெடுஞ்சாலைவரை ஓட்டினேன். அவர் காத்திருக்கிறாரா? தப்பித்தோம் என்று இருக்கிறாரா? ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது, மறு நிமிஷம் இப்படித் தோன்றியது.

நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். இன்னொரு தடவை கேளுங்கள் என்று எனக்குத் தெரிந்த அபிநயமெல்லாம் அப்பாவிடம் காட்டினேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூபா கானும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பேருந்தும் வந்துவிட்டது. நடத்துநர் குதித்து இறங்கி, பெட்டியை அடியில் தள்ளி, ஏறுங்கள், நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்.

நன்றி சொல்லல், மன்னிப்புக் கேட்டல், உங்களுக்கு எவ்வளவு சிரமம் கொடுத்துவிட்டேன் என்றல் எல்லாம் முடிந்தது. தூபா கானும் பேருந்தின் கதவுக்கு வந்தார். கதவு என்று வந்துவிட்டால் அவருக்குத் தானாகவே நடக்கிற ஒன்று அங்கேயும் நடந்தது. ஒரு பக்கம் ஒதுங்கி, அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"முதல்ல நீங்க."

ஊருக்குப் போகிறவர் அவர். அப்பா வழியனுப்ப வந்தவர். யாரும் அதற்குப் பதில்கூடச் சொல்லமாட்டார்கள், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்பா பேருந்தைப் பார்த்தார். படியைப் பார்த்தார். தூபா கானுமைப் பார்த்தார். அறுபத்தைந்து வயதுவரை எந்த வாசலிலும் யாருக்கும் முன்னால் நுழைந்திராத மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மேல்படியில் நின்று திரும்பினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏறிட்டேன். மூணாவது தடவையும் கேட்கறேன், தூபா கானும். ஷிராஸுக்கு வர வேண்டாம்னா நான் யஸ்துக்கு வரேன். கட்டிக்கிறீங்களா?"

பேருந்தில் முன் வரிசையில் இருந்தவர்கள் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினார்கள். தூபா கானும் கீழே நின்றபடி அப்பாவை அண்ணாந்து பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"இவ்வளவு சொல்றீங்க," என்றார். "இதுக்கு மேல மறுத்தா மரியாதையா இருக்காது."

ஒரு சீட்டுத்தானே இருக்கிறது, இந்தப் பெரியவர் யார் என்று நடத்துநர் கேட்டார். என் கூட வருகிறவர் என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு யார் கையையும் பிடிக்காமல் படியேறினார் தூபா கானும்.

அப்பாவிடம் மாற்றுச் சட்டை இல்லை, மாத்திரை இல்லை. நான் ஃபிளாஸ்கை மட்டும் எடுத்து ஓடிப்போய் நடத்துநர் கையில் திணித்தேன். கதவு மூடியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு சாலையோரத்தில் நின்றேன். அப்படியும் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. மனதார ஒப்புக்கொண்டாரா, இல்லை, மூன்றாவது தடவை என்பதற்காக ஒப்புக்கொண்டாரா?

பேருந்து நகரும்போது கண்ணாடி வழியே பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் யாரோ எழுந்து இடம் விட்டிருந்தார். காலியான இரண்டு இருக்கைகளுக்கு முன்னால் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா ஜன்னலோர இடத்தைக் காட்டினார். தூபா கானும் அதையே அவருக்குக் காட்டினார். பேருந்து குலுங்கியபோது ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வளைவில் திரும்பி மறையும்வரை இருவரும் உட்காரவில்லை.