ஒரு பக்கம் மட்டும் போன அம்பு

ரெபேக்கா மும்பையின் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு குடியிருப்பில் யாருக்கு யார் துணை, அந்தத் துணைகள் சேர்ந்து எப்படி ஒரு வலையாகின்றன, அந்த வலையை எப்படி அளப்பது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்காகத் தாராவியில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் சில சந்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் பெண்களிடம் சில கேள்விகள் கேட்டாள். முக்கியமான கேள்வி ஒன்றுதான். "உங்க வீட்டு ஆளுங்களை விட்டுட்டு, ஒரு அவசரம்னா வேற யார்கிட்ட போவீங்க?"

சொன்ன பெயர்களைக் கணினியில் ஏற்றினால் படம் வரும். ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. ஒருத்தி இன்னொருத்தியின் பெயரைச் சொல்லியிருந்தால் இவளிடமிருந்து அவளுக்கு ஓர் அம்பு.

பெண்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள், கிடைத்ததை அவர்களுக்குக் காட்டாமல் போவது சரியில்லை என்று ரெபேக்காவுக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிர் மன்றக் கூடத்தில் திரை கட்டி அந்தப் படத்தைக் காட்டினாள். பெயர்கள் எதுவும் இல்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தொழிலுக்கு ஒரு நிறம் மட்டும் கொடுத்திருந்தாள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் பச்சை, தையல் பட்டறை வைத்திருப்பவர் நீலம், ஆஸ்பத்திரி வேலை சிவப்பு என்று.

பெண்கள் ரசித்துப் பார்த்தார்கள். தங்கள் சந்து இவ்வளவு பெரிய கோலமாக இருக்குமென்று யாரும் நினைக்கவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து மாரீஸ்வரி எழுந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றைத் தனியாக நடத்திவந்தாள். நீலப் புள்ளியிலிருந்து சிவப்புப் புள்ளிக்கு ஓர் அம்பு போகிறதே, அது ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டாள்.

நல்ல கேள்வி என்று ரெபேக்காவுக்கு மகிழ்ச்சி. இவர் அவரைத் துணையாக நினைக்கிறார், அவர் இவரை அப்படி நினைக்கவில்லை என்று பொருள், எல்லா ஊரிலும் இப்படித்தான், பாதி அம்புகள் ஒருவழிப் பாதை என்று உற்சாகமாக விளக்கினாள். மாரீஸ்வரி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் முடியுமுன் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் ரெபேக்கா பட்டறைக்குப் போனபோது மாரீஸ்வரி தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வழக்கமாக வாசலில் கண்டதுமே டீக்கடைக்குச் சாய் சொல்லி அனுப்புகிறவள். ஏதாவது வருத்தமா என்று ரெபேக்கா கேட்டாள்.

"இந்தச் சந்துகளுக்குள்ள பொம்பள வச்சு நடத்துத பட்டறை இது ஒண்ணுதான். ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவளும் பானுமதி ஒருத்திதான். பேரு போடலன்னா எனக்குத் தெரியாதாக்கும்?"

ரெபேக்கா அந்தப் படத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாள். நீலம் ஒன்றுதான், சிவப்பும் ஒன்றுதான்.

பானுமதி அடுத்த சந்துக்காரி. சுனாபட்டி பகுதியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டூட்டி, கூட்டத்துக்கு வரவில்லை. அவளுக்குப் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறிமாறி வரும். அவள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சோறு போடுவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் பல வருடங்களாக மாரீஸ்வரிதான். இப்போதும் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுகிறாள், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் பானுமதி வந்து கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஏன் என்று பானுமதி கேட்டும் பதில் சொல்லவில்லை.

"கோவம் இல்ல பிள்ள. நானாத்தான் ஏதோ நெனச்சிக்கிட்டேன். தெரிஞ்சது நல்லதுக்குத்தான்" என்றாள் மாரீஸ்வரி. இயந்திரத்தை மறுபடி ஓட்டினாள்.

ரெபேக்கா அன்றே மாட்டுங்காவுக்குப் போனாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் வெங்கடேஷ் அங்கே குடியிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைத்தது தப்பு, முதலில் அந்த நிறங்களை நீக்குங்கள் என்றார்.

பானுமதியிடம் நேரே போய், ஏன் மாரீஸ்வரி பெயரைச் சொல்லவில்லை என்று கேட்கலாமா என்றாள் ரெபேக்கா.

"கூடாது. ஒருத்தர் நம்மகிட்ட சொன்னதை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோக நமக்கு உரிமை இல்லை. நல்லது செய்யறோம்னு நினைச்சாலும் இல்லை" என்றார் வெங்கடேஷ். "எல்லாரையும் ரெண்டாவது தடவை பார்க்கறது நம்ம திட்டத்துலேயே இருக்கு. பானுமதியையும் அந்த மாதிரியே பாருங்கோ. அவங்க என்ன சொல்றாங்களோ அதை மட்டும் கேட்டுண்டு வாங்கோ."

பதில்கள் மாறாமல் நிற்கின்றனவா என்று பார்க்க, அதே ஆட்களிடம் அதே கேள்விகளைச் சில வாரங்கள் கழித்து மறுபடி கேட்பது வழக்கம். பானுமதியின் முறை வரும்வரை ரெபேக்காவால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பானுமதி இந்தத் தடவையும் மாரீஸ்வரி பெயரைச் சொல்லாமல் போனால்? உண்மையிலேயே அவளுக்கு மாரீஸ்வரி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கை மட்டும்தான் என்றால்? அந்த உண்மையை அவளைக் கேட்காமலே சபையில் போட்டு உடைத்தவள் தான்தானே என்று மனசு அரித்தது.

பானுமதி டூட்டி முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. ரெபேக்கா தரையில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்தே தொடங்கினாள். போன தடவை வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். அந்த முக்கியமான கேள்விக்குச் சீக்கிரம் போகப் பயந்து, இந்தத் தடவை யார் யார் என்றும் கேட்டாள்.

"நானு, எங்க வீட்டுக்காரரு, பாப்பா, மாரி."

ரெபேக்காவின் கை நின்றது. எந்த மாரி என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வர வேண்டுமே என்று இருந்தது.

"எந்த மாரின்னா? மாரீஸ்வரிதான். ஒனக்குத் தெரியாதா?"

"அவங்க தங்குற கோலி அந்தச் சந்துலல்ல இருக்கு, அக்கா?"

"தூங்குததுதான் அங்கன. ரெண்டு கோலிச் சாவியும் ஒரே வளையத்துல கெடக்கு. எனக்கு ஆபரேசன் ஆனப்ப என்னக் குளிப்பாட்டி விட்டவ அவதான். அவள வீட்டு ஆளு இல்லன்னு எப்படிச் சொல்ல?" பானுமதி துணியை மடியில் போட்டாள். "நீதான போன தடவ, வீட்டு ஆளுகள விட்டுட்டு வெளியாளு பேரச் சொல்லுங்கன்னு கேட்ட. அதான் அவள விட்டுட்டு மத்தவங்க பேரச் சொன்னேன்."

ரெபேக்கா பேனாவை மூடி வைத்தாள். இதை இன்னொருவரிடம் நான் சொல்லலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டாள். யாரிடம் என்று சொல்லவில்லை.

பானுமதி அவள் முகத்தையே பார்த்தாள். கூடத்தில் ஏதோ படம் காட்டினார்கள், மாரி ஏதோ அம்பைப் பற்றிக் கேட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டதும், அதற்கு மறுநாளிலிருந்து மாரி முகம் கொடுக்காததும் அவளுக்குள் சேர்ந்துகொண்டது போலிருந்தது. மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன், நீயும் வா என்றாள்.

பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பானுமதி உள்ளே போய்ப் பைக்குவியலைத் தள்ளிவிட்டு மாரீஸ்வரிக்கு எதிரே உட்கார்ந்தாள். மாரீஸ்வரி நிமிரவில்லை.

"ஒன்ன வெளியாளுன்னு சொல்லணுமாட்டி நான்?"

இயந்திரம் நின்றது.

"இந்தப் பிள்ள வீட்டு ஆள விட்டுட்டுச் சொல்லச் சொன்னா. விட்டுட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

மாரீஸ்வரி ரெபேக்காவைப் பார்த்தாள். ரெபேக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். மாரீஸ்வரி பானுமதியைப் பார்த்தாள். ஊசிக்கடியில் இருந்த துணியை விரலால் நீவிக்கொண்டே, "ரேஷன் கார்டுல எம்பேரு இல்லல்லா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"கார்டுல எங்க மாமியா பேரு இன்னும் கெடக்கு. அவ போயிச் சேந்து எம்புட்டு வருசமாச்சு."

மாரீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பானுமதி எட்டி அவள் முழங்காலில் கைவைத்தாள். பிறகு திடீரென்று கையை எடுத்தாள்.

"ஆமா, அம்பு ஒன்கிட்டருந்து எனக்கு வந்துச்சுங்காவளே. அப்ப நீ என்ன வெளியாளுன்னுதான சொல்லிருக்க?"

இதை ரெபேக்கா யோசித்திருக்கவில்லை. மாரீஸ்வரி முந்தானையை இறக்கினாள்.

"வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாளா, நான் ஒருத்திதான்னு சொன்னேன். வேற எப்படிட்டி சொல்லட்டும். கேக்கதுக்கு முன்னால நானா ஒன் வீட்டுல ஏறி உக்காரவா முடியும்?"

பானுமதி எடுத்த கையை மறுபடி அவள் முழங்காலில் வைத்தாள். பிறகு, "இனி அப்படிச் சொல்லாத" என்றாள். "யாரு கேட்டாலும் சொல்லாத."

மாரீஸ்வரி சரி என்றாள். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, மூன்று சாய்க்குச் சொல்லி அனுப்பினாள். ரெபேக்கா அவள் கையைப் பிடித்து, உங்களைச் சபையில் அப்படிப் பார்க்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். நீ வேணும்னேயா பண்ணின, விடு, சாயைக் குடி என்றாள் மாரீஸ்வரி. அதற்குள் பானுமதி நர்சிங் ஹோமில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பேசாமல் விட்ட நாட்களின் கதையெல்லாம் பாக்கி இருந்தது போலிருக்கிறது, இருவரும் ரெபேக்கா அங்கே இருப்பதையே மறந்துபோனார்கள்.

ரெபேக்கா வெளியே வந்து வெங்கடேஷுக்கு ஃபோன் செய்தாள். இருவரும் சம்மதித்ததால் விஷயத்தைச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. வீடு என்பதற்கு நாம் வைத்த அர்த்தமும் அவர்கள் வைத்த அர்த்தமும் வேறு என்றால், மற்ற அம்புகளையும் நம்ப முடியாது, எல்லாரிடமும் வீட்டில் யார் யார் என்று பெயர் கேட்டு முதலிலிருந்து படத்தைப் போட வேண்டும், இன்னும் சில மாதங்கள் ஆகும் என்றார். ஆகட்டும் சார் என்றாள் ரெபேக்கா. சிரித்துக்கொண்டே சொன்னதால் அவர், சரியாகக் காதில் விழுந்ததா என்று மறுபடி கேட்டார்.

சயானில் செம்பூர் பஸ் ஏறியபோது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல நாட்களாக வராத பசி வந்தது, அதோடு தூக்கமும் வந்தது. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் செம்பூரைத் தாண்டிக் கோவண்டிக்குப் போயிருந்தது. இறங்கி, ஒரு வடா பாவ் வாங்கிக் கடித்துக்கொண்டு, வந்த வழியே நிதானமாக வீட்டுக்கு நடந்தாள்.