ட்ரெட்மில்லுக்கு இடமில்லை

ஆய்வுக்கூடத்தின் நீளத்தை மூன்றாவது முறையாகக் குறைத்துவிட்டார்கள். நிலவில் ஆறு பேர் தங்கப்போகும் குடியிருப்பில் எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்று திட்டமிடுவது அவள் வேலை. பழைய கிடங்கு ஒன்றில் ப்ளைவுட்டால் அதன் ஆய்வுக்கூடத்தை அசல் அளவிலேயே செய்து வைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் சுவரைப் பெயர்த்து உள்ளே தள்ளியதில் பலகையெல்லாம் ஆணி ஓட்டை.

குறைத்தது போதாதென்று டாக்டரால் வேறொரு வினை. போகிறவர்களின் எலும்பு தேயாமலிருக்க ட்ரெட்மில் வேண்டுமாம். அதை ஆய்வுக்கூடத்தில்தான் வைக்க வேண்டுமாம்.

"டாக்டர், அது ஓடினா என் மைக்ராஸ்கோப் ஆடுமே!"

"யாரும் ஓடாதப்ப பாருங்க."

"ஆறு பேரும் மாத்தி மாத்தி ஓடுவாங்க. எப்பப் பார்க்கிறது?"

தலையிலடித்துக்கொள்ளாத குறையாக வெளியே வந்தாள். அக்கா போனில் அழைத்தாள். "நிலாவுக்கே ரூம் போடறியேடி, என் சமையலறையில வாஷிங் மெஷினை எங்க வைக்கிறதுன்னு சொல்லேன்."

"எங்க வேணா வை. டாக்டரை மட்டும் உள்ள விடாத."

மறுநாள் டாக்டரையும் கூட்டிக்கொண்டு இயக்குநர் பார்வையிட வந்தார். நல்ல பருமனான மனிதர். நட்டநடுவில் நின்று, "தாராளமா இருக்கே!" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இந்தக் கண்ணாடிப் பெட்டியில முழங்கை வரைக்கும் கை விடுங்க. நிலவு மண்ணை இதுக்குள்ளதான் தொடணும். டாக்டர், நீங்க ட்ரெட்மில்ல ஏறி ஓடுங்க. நான் ஃப்ரீசரைத் திறக்கிறேன்."

திறந்தாள். கதவு டாக்டரின் முழங்கையில் இடித்தது. அவர் தடுமாறி இயக்குநரின் முதுகில் சாய்ந்தார். இயக்குநரின் நெற்றி கண்ணாடியில் மோதியது.

"கதவை மூடுங்கம்மா!"

"எப்படி சார் மூடுறது? டாக்டரோட கால் நடுவுல இருக்கு."

ஒருவழியாக விடுபட்டதும் இயக்குநர் நெற்றியைத் தடவியபடி, "பேசாம ஃப்ரீசரை எடுத்துடுங்க" என்றார்.

"எடுத்துட்டு? சேகரிச்ச சாம்பிளெல்லாம் கெட்டுப்போகாம எதுல வைக்கிறது, உங்க பாக்கெட்லயா?"

இயக்குநரிடம் பேசுகிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "ட்ரெட்மில்லைச் சாப்பாட்டு அறைக்கு மாத்திடலாம் சார். மேசையை மடக்கி வெச்சா அங்க கொள்ளும்."

"இதைத்தானே டாக்டர் போன மாசம் கரடியா கத்தினேன்!"

"அப்ப இடிபடலையே" என்றார், முழங்கையைப் பிடித்துக்கொண்டே.

இயக்குநர் சரியென்று தலையாட்டினார். குறைத்த நீளத்தைத் திருப்பித் தர மட்டும் மறுத்துவிட்டார். போகட்டும் என்று மைக்ராஸ்கோப்புக்கு ஆடாத மேடை ஒன்றை வரைபடத்தில் சேர்த்தாள். இயக்குநர் மனம் மாறுவதற்குள் அதில் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் சாப்பிடப் போனாள்.